அச்சத்தை எதிர்கொள்ளும் சிகிச்சை: இலங்கைச் சிறார் ஆய்வொன்றின் மதிப்பீடு

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. நான்கும் அஞ்சுவோர்க்குப் புறத்தே நிற்பவை. அத்தகைய அச்சங்களைத் தளர்வுப் பயிற்சியோடு கற்பனையில் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் முறையை ஜோசப் வோல்பே 1958இல் நூலாக வெளியிட்டார். பேரிடருக்குப் பின் தோன்றும் மனவடு நோயிலோ அஞ்சப்படுவது நினைவு. ஆகவே எதிர்கொள்ளல் என்பது அங்குச் சொல்லுதலாகிறது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் உருவாக்கிய எடுத்துரைப்புச் சிகிச்சையில் கயிறு வாழ்நாளையும், பூ இன்பத்தையும், கல் துன்பத்தையும் குறிக்கும். நோயர் தம் வாழ்வை வரிசைப்படச் சொல்லித் துன்ப நிகழ்வை மீள எதிர்கொள்வார்.

ஆய்வும் முடிவும்

போரால் நலிந்திருந்த இலங்கையின் வடகிழக்கை 2004 ஆழிப்பேரலை தாக்கியது. அதனையடுத்து அங்குள்ள முகாமொன்றில் மனவடு நோய்க்கூறு கொண்ட சிறார் 31 பேரிடம் கிளாடியா கட்டானி குழுவினர் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பிரிவினர்க்கு எடுத்துரைப்புச் சிகிச்சையும், மற்றொரு பிரிவினர்க்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் அளிக்கப்பட்டன. ஆறு திங்களுக்குப் பின் குணமடைந்தோர் முறையே 81, 71 விழுக்காட்டினர்.

மதிப்பீடு

இவ்வெண்களைக் கொண்டு எடுத்துரைப்பே சிறந்ததெனல் பொருந்தாது. இத்துணைச் சிறு குழுவில் பத்து விழுக்காடு என்பது ஓரிரு சிறாரின் வேறுபாடே. இரு பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை என்றே ஆய்வாளரும் கூறுகின்றனர். இரண்டும் சமம் என்று முடிவுகட்டவும் இவ்வெண்ணிக்கை போதாது. மேலும், சிகிச்சை பெறாத பிரிவு இதில் இல்லை. இயல்பான மீட்சியின் அளவைக் காட்டிலும் இவ்விழுக்காடுகள் மிகுதி என ஆய்வாளர் வாதிடுகின்றனர். எனினும், பேரிடரையடுத்த திங்கள்களில் தானே தணியும் துன்பத்தின் பங்கை ஆய்வுக்கு வெளியிலுள்ள அளவைக் கொண்டு உறுதியாகப் பிரித்தறிதல் அரிது.

இக்குறைகள் ஆய்வின் பயனை அழித்துவிடவில்லை. நினைவைக் கிளறினால் துன்பம் பெருகும் என்னும் பொதுக்கருத்துக்கு இம்முடிவு துணைநிற்கவில்லை. இரு பிரிவிலும் நோய்க்கூறுகள் குறைந்து, அக்குறைவு நிலைத்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே அதனை இயலச் செய்தனர்.

முடிவுரை

சூலூர் போன்ற ஊரில் பணிபுரியும் ஆலோசகர்க்கு ‘எம்முறை வென்றது’ என்பதினும் ‘யார், எம்மொழியில், எத்தனை அமர்வுகளில் அளிக்க இயலும்’ என்பதே முதன்மையான வினா. அதற்கு இவ்வாய்வு விடையளிக்கிறது. முன்னதற்கோ, சிகிச்சைக்குக் காத்திருப்போர் பிரிவையும் உள்ளடக்கிய பெரிய ஆய்வு தேவை.