பெயர் ஒன்று, பொருள் இரண்டு

கணிப்பொறித் திரையில் தோன்றும் படங்களை விரைந்து தீட்டித் தரும் உறுப்பே வரைகலை அட்டை. இதனை வாங்குவோர் பலர் விவரப் பட்டியலில் ஓர் எண்ணை மட்டுமே பார்க்கின்றனர்: நினைவகம் எத்தனை கிகாபைட்? இப்பழக்கம் நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு, என்விடியா நிறுவனம் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1060 நல்ல சான்று.

நடுத்தர விலையில் வந்த இந்த அட்டை, அந்நாளில் பாராட்டத்தக்கதே. 16 நானோமீட்டர் நுட்பத்தில் அமைந்த இதன் சில்லில் 440 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. மின்செலவு 120 வாட் அளவே. ஆனால் ஒரே பெயரில் இரண்டு அட்டைகள் கடைக்கு வந்தன. ஜூலையில் வந்ததன் நினைவகம் 6 கிகாபைட். தொடக்க விலை 249 டாலர். ஆகஸ்டில் வந்ததற்கு 3 கிகாபைட். விலை 199 டாலர்.

நினைவகம் பாதி, மற்றவையெல்லாம் ஒன்றே என்றுதானே எண்ணுவீர்கள்? அப்படியன்று. முதல் அட்டையில் கணிப்பு அலகுகள் 1,280, இரண்டாவதில் 1,152. பத்தில் ஒரு பங்கு குறைவு!

சரி, நினைவகம் பாதியானால் வேகமும் பாதியாகுமா? ஆகாது. தொட்டியின் கொள்ளளவு வேறு, குழாயின் அகலம் வேறு அல்லவா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நினைவகப் பாதையின் அகலம் 192 பிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 24 பைட். பாதையின் ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 800 கோடி பிட்டுகள் செல்கின்றன. 24-ஐ 8-ஆல் பெருக்கினால், நொடிக்கு 192 கிகாபைட். இவ்வேகம் இரண்டு அட்டைகளுக்கும் பொதுவானது.

தொட்டி நிரம்பிய பின்னரே தொல்லை தொடங்குகிறது. 3 கிகாபைட்டில் அடங்காத தகவல்களைக் கணிப்பொறியின் பொது நினைவகத்திலிருந்து வரவழைக்க வேண்டும். அந்த வழியின் வேகம் நொடிக்குச் சுமார் 16 கிகாபைட். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்போது படம் திக்கித் திக்கி நகரும்.

கணிப்பு அலகுகளின் எண்ணிக்கையை நிறுவனம் தன் பட்டியலில் மறைக்கவில்லை. குறை பெயரிட்டதில் இருக்கிறது. திறனில் வேறுபட்ட இரு பொருள்களுக்கு வெவ்வேறு பெயர் இட்டிருப்பதே நேர்மையான முறை. பட்டியலை முழுதும் படிக்காத வாங்குபவர் அலகுக் குறைவை எப்படி அறிவார்?

பழைய வரைகலை அட்டை ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்க எண்ணும் மாணவர்கள், பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணோடு நின்றுவிடலாகாது. கணிப்பு அலகுகள் எத்தனை, பாதையின் அகலம் எவ்வளவு, நினைவகத்தின் வேகம் என்ன என்று மூன்றையும் கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுங்கள்.