திபெத்துக்கு மேல் ஒரு தப்பும் வழி

திபெத் பீடபூமிக்கு மேலே எல்888 என்றொரு வான்வழி உண்டு. அதற்காக வரைந்து வைக்கப்படும் தப்பும் வழிகள் மீது எனக்குத் தனி மோகம். கேபின் காற்றழுத்தம் போனால் வழக்கமாக 10,000 அடிக்கு இறங்கிவிடலாம்; இங்கே தரையே அதைவிட உயரம். எங்கே கோளாறு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது, ஆக்சிஜன் தீருமுன் எதுவரை போகலாம் என்று யாரோ பொறுமையாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

விமானி அறையில் அந்தக் கணக்கு தணிந்த குரலில் நடக்கிறது. "இதுவரை குன்மிங், இனி செங்டு" என்று, கோளாறு வந்தால் திரும்ப வேண்டிய ஊரை ஒருவர் சொல்ல, மற்றவர் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்துத் தலையசைக்கிறார். ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் பதறி மூக்கைக் கவிழ்ப்பதில்லை; மிச்ச எஞ்சினின் முழுப் பலத்தோடு, மாதக் கடைசிச் சம்பளப் பணம்போல உயரத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தபடி, சிகரங்களைத் தாண்டும்வரை மெல்ல மெல்ல இறங்குவார்கள். அந்த நிதானம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.