கோயில் வாயிலில் ஒளிப்படக் கருவி: திருக்கோவிலூரும் பொலன்னறுவையும்

தென்பெண்ணையின் தென்கரையில், திருக்கோவிலூரை அடுத்த கீழையூரில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலும், இலங்கையின் பொலன்னறுவையில் தொல்லியலாளர் இரண்டாம் சிவ தேவாலயம் என்று எண்ணிட்டு அழைக்கும் வானவன் மாதேவி ஈசுவரமும் சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்பவை. ஆயினும் ஒளிப்படக் கருவியோடு வரும் பயணிக்கு இவ்விரு இடங்களும் விதிக்கும் கட்டுப்பாடுகள் வேறு வேறானவை. இலங்கையில் விதி பெரும்பாலும் படத்துக்குள் நிற்கும் மனிதரின் நடத்தையைக் கண்காணிக்கிறது. தமிழ்நாட்டிலோ அது கருவியையே கண்காணித்து, எந்த வாசல்வரை அதைக் கொண்டு செல்லலாம் என்பதை முடிவு செய்கிறது.

இரு நாடுகளிலும் கோயில்களையும் இடிபாடுகளையும் படமெடுக்கும் பழக்கம் ஆங்கில ஆட்சிக் காலத்தில் அரசுப் பணியாகவே வேரூன்றியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி 1858இல் தஞ்சை, மதுரை, திருவரங்கம் முதலிய இடங்களின் கோயில்களைப் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கியது இன்றைக்கும் வியப்புக்குரியது. இலங்கையில் ஜோசப் லாட்டன் 1870, 1871ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களை அரசின் தொல்லியல் குழுவுக்காகப் படமெடுத்தார். டிரைப்பின் முன் இருந்தவை பூசை நடந்துகொண்டிருந்த கோயில்கள். லாட்டனின் முன் இருந்தவற்றுள் பல, காடு மூடிக் கிடந்து அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்த இடிபாடுகள். இன்றைய விதிகளின் வேறுபாட்டுக்கு இந்தத் தொடக்கமும் ஓரளவு காரணம் எனலாம்.

இலங்கையின் தொல்லியல் இடங்களில் நுழைவுச் சீட்டு பெற்ற பயணி பொதுவாகத் தடையின்றிப் படமெடுக்கலாம். சிகிரியாவின் ஓவியங்கள் போன்ற சில விலக்குகளே உண்டு. ஆனால் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே அவமதிப்பாகக் கொள்ளப்படுகிறது. 2012இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு, படத்தை அச்சிடக் கொடுத்த காலிப் பகுதிக் கடை மூலம் செய்தி பொலிசாருக்கு எட்டியதால், ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் ஹொரவப்பொத்தானைக்கு அருகிலுள்ள கிரலாகல தூபியின்மேல் ஏறிப் படமெடுத்துக்கொண்ட பல்கலைக்கழக மாணவர் கைது செய்யப்பட்டனர். அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டடத்தின் படம் குற்றமன்று, கட்டடத்தோடு மனிதர் கொள்ளும் உறவே குற்றமாகலாம். இதில் நியாயமும் உண்டு, அளவு மீறலுக்கு இடமும் உண்டு. தூபியின்மேல் ஏறுவது செங்கல்லைச் சிதைக்கும், முகத்தைத் திருப்பி நிற்பது எதையும் சிதைக்காது.

இந்தியாவில் படமெடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில், வாயிலில் தொங்கும் பலகை யாருடையது என்பதைப் பொறுத்தது. மத்திய அரசின் தொல்லியல் துறை காக்கும் நினைவுச் சின்னங்களில், அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறை மண்டபம் ஆகியவை தவிர, படமெடுக்கத் தடையில்லை என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. முக்காலி வைக்க மட்டும் தனி அனுமதி வேண்டும். இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பிலுள்ள கோயில்களில் நிலைமை நேர்மாறானது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்கள் அனைத்திலும் கைபேசியைத் தடை செய்ய உத்தரவிட்டது. கருவறைமுன் தற்படம் எடுப்போர் வழிபடுவோரின் அமைதியைக் குலைத்ததே இதற்குப் பின்னணி. அந்தக் குறை உண்மையானது. ஆனால் மூலவரைப் படமெடுப்பதையும் வெளிச்சுவரின் எழுத்தைப் படமெடுப்பதையும் ஒரே தடைக்குள் அடைத்துவிடுவது பொருத்தமற்றது.

இப்பொருத்தமின்மையைத் திருக்கோவிலூரில் தெளிவாகக் காணலாம். உலகளந்த பெருமாள் கோயிலின் 11 நிலைக் கோபுரத்தைத் தெருவில் நின்று எவரும் எடுக்கலாம். அருகில் நின்று கருவியை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னோக்கிச் சாய்வதுபோல் விழும் என்பதால், எடுப்பவர் வீட்டு வரிசைக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே தொலைவாகப் பின்வாங்கிச் செல்ல வேண்டியிருக்கும். ஆற்றுக்குள் தனித்து நிற்கும் பாறையும் அதன் உச்சியில் சிறு கோயிலுமாகிய கபிலர் குன்றை எடுக்கவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாறைக்குப் பொருள் தருவது வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள, முதலாம் இராசராசன் காலத்துப் பாடல் வடிவக் கல்வெட்டு. வள்ளல் பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்த செய்தியையும், மலையமான் குலத்தில் பிறந்த இராசராசனின் தாய் வானவன் மாதேவி பால் மறவாத குழந்தையைப் பிரிந்து கணவனோடு தீப்பாய்ந்ததையும் அது பதிவு செய்கிறது. (பொலன்னறுவைக் கோயிலின் பெயருக்குரியவர் இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான வானவன் மாதேவி என்பதே பொதுவான கருத்து, இருவரையும் ஒருவராகக் கொள்வது பயண நூல்களில் எளிதில் நேரக்கூடிய பிழை.)

கல்வெட்டைப் படமெடுப்பது கோபுரத்தை எடுப்பதைவிட நுட்பமானது. நேர் எதிரே விழும் வெயிலில் எழுத்துகள் கல்லோடு கலந்து மறைந்துவிடும். கதிர் சுவரை உரசிச் செல்லும் காலையிலோ மாலையிலோ தான் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து, எழுத்து எழும்பி நிற்கும். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டி எடுக்கும் மைப்படி என்னும் பழைய முறைக்கு இணையாக, சில வேளைகளில் அதைவிடத் தெளிவாகவும், இத்தகைய சாய்வொளிப் படம் உதவும். பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈசுவரத்தின் அதிட்டானத்தை, அதாவது சுவரைத் தாங்கும் அலங்கார அடித்தளத்தை, இவ்வாறு பொறுமையாக எடுக்கச் சீட்டு ஒன்றே போதும். கீழையூரிலோ கைபேசியை வெளியே வைத்துவிட்டு வந்தவரிடம் எஞ்சுவது கண்ணும் குறிப்பேடுமே. முறையாக எடுக்க விரும்பும் ஆய்வாளர் அறநிலையத் துறையின் முன் அனுமதியை நாட வேண்டும்.

இதனை இலங்கையின் தாராளம், தமிழகத்தின் கடுமை என்று மட்டும் எழுதிவிட முடியாது. நாள்தோறும் பூசை நடக்கும் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. ஆடவர் மேலாடை களைந்து செல்லும் அக்கோயிலில் இந்தத் தடையும் வழிபாட்டு ஒழுங்கின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது. பொலன்னறுவை திறந்திருப்பதற்கு அங்கே இடையறாத பூசை இல்லாமையும் காரணம். வழிபாடு உயிரோடு இருப்பதற்காகத் தமிழகக் கோயில்கள் செலுத்தும் விலை இது என்று சொல்வோரும் உண்டு. ஆயின் அந்த விலையை வெளிச்சுவரின் கல்வெட்டும் ஏன் செலுத்த வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து நிறைவான விடை கிடைப்பதில்லை.

பதிவின் பயன் என்ன என்பதற்குத் திருக்கோவிலூர் அடங்கிய கள்ளக்குறிச்சிப் பகுதியே சான்று தருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தமிழகக் கோயில்களின் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்தது. அவ்வாண்டிலேயே கள்ளக்குறிச்சி வட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலில் பரவையாருடன் நிற்கும் சுந்தரர் திருமேனி படமெடுக்கப்பட்டது. பின்னர் அத்திருமேனி கடல் கடந்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. அது எந்த ஊரின் உடைமை என்பதை நிறுவியது அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படமே. அருங்காட்சியகம் அதை இந்தியாவிடம் திரும்ப ஒப்படைக்க முன்வந்தது. அன்று அந்தப் படத்தை எடுத்தவரைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியிருந்தால், வீரசோழபுரத்தாரிடம் காட்டுவதற்கு ஊரார் சொல்லும் நினைவு மட்டுமே இருந்திருக்கும், அயல்நாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் முன் அது செல்லுபடியாகியிராது.