உடன் கற்றவரும் உரைகாரரும்

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடத் தக்கவர் யாவர் என்பதை நன்னூல் வரையறுத்துக் கூறுகிறது. நூலாசிரியருக்குக் கற்பித்தவர், அவரோடு உடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், நூலுக்குத் தக்க உரைகாரர் ஆகிய நால்வரே அதற்கு உரியவர் என்பது பவணந்தி முனிவர் முடிபு. தன் நூலைத் தானே புகழ்ந்துகொள்வது ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலின் பிறர் வாய்ச்சொல் வேண்டும். அப்பிறர் நூலின் இயல்பை அறியாதவராக இருத்தலும் ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணி வகுத்த விதி இது.

செய்யுள் நூலுக்கு ஏற்பட்ட இவ்விதி, அச்சுப்பொறி வளர்த்த சிறுகதைக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு அமெரிக்க இலக்கியம் ஒரு சான்று தருகிறது. நத்தானியல் ஹாதார்ன் என்பவரின் முதற் சிறுகதைத் தொகுதியை உடன் கற்றவர் ஒருவர் வரவேற்றார். பின்னர் உரைகாரர் ஒருவர் ஆராய்ந்தார். இருவருமே அவரைப் போன்ற எழுத்தாளர்கள்.

பெயரின்றி எழுதிய காலம்

ஹாதார்ன் 1804இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சேலம் என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். 1825இல் போடோயின் கல்லூரிப் படிப்பை முடித்து அன்னையின் இல்லம் திரும்பியவர், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மாடியறையில் எழுதுவதே தொழிலாய் இருந்தார். 1828இல் ‘ஃபேன்ஷா’ என்னும் நாவலைக் கைப்பொருள் செலவிட்டு வெளியிட்டார். அதில் தம் பெயரைப் பொறிக்கவில்லை. விரைவில் அந்நூலின்மேல் அவருக்கே வெறுப்பு உண்டாகிக் கைக்கெட்டிய படிகளையெல்லாம் அழித்தார். அப்படி ஒரு நூல் இருந்த செய்தியை அவருடைய மனைவியாரே கணவர் மறைந்த பின்னர்தான் அறிந்தார் என்றால், அவர் கொண்டிருந்த கூச்சத்தை அளந்துகொள்ளலாம்.

அதன்பின் எழுதிய சிறுகதைகள் சாமுவேல் குட்ரிச் நடத்திய ‘டோக்கன்’ என்னும் ஆண்டு மலர் போன்றவற்றில் பெயரின்றியே வெளிவந்தன. அவற்றுள் பதினெட்டைத் திரட்டி, 1837 மார்ச்சு மாதம், பாஸ்டன் நகரில் ஆசிரியர் பெயருடன் நூலாக்கினர். முன்பே ஒருமுறை அச்சேறியவை ஆதலின், ‘இருமுறை சொன்ன கதைகள்’ எனப் பொருள்படும் பெயர் அதற்கு அமைந்தது.

அந்நூல் வெளிவந்ததன் பின்னே ஒரு நட்பு மறைந்து நின்றது. கல்லூரித் தோழர் ஹொரேஷியோ பிரிட்ஜ், நட்டம் நேர்ந்தால் தாம் ஈடு செய்வதாக 250 டாலருக்குப் பிணை நின்றார். அதனை ஹாதார்ன் அறியாதவாறும் பார்த்துக்கொண்டார். பொருளால் துணை நின்ற நண்பர் அவர். சொல்லால் துணை நிற்க வேறொருவர் வேண்டியிருந்தது.

உடன் கற்றவர்

அவர்தாம் கவிஞர் லாங்பெல்லோ. 1825இல் ஹாதார்னுடன் ஒரே வகுப்பில் தேறியவர். நூல் வெளிவந்த காலத்தில் ஹார்வர்டில் பேராசிரியர். ஹாதார்ன் தம் நூலை அவருக்கு அனுப்பினார். 1837 ஜூலை மாதத்து ‘வட அமெரிக்க மதிப்புரை’ இதழில் லாங்பெல்லோவின் பாராட்டு வெளிவந்தது. இது மேதை ஒருவரின் படைப்பு, உரைநடையில் இருந்தாலும் உள்ளத்தால் கவிதை, அயல் நாட்டைத் தேடி ஓடாமல் சொந்த மண்ணின் பழங்கதைகளையே பொருளாகக் கொண்டது என்றெல்லாம் அவர் போற்றினார்.

இப்பாராட்டில் பொய்யில்லை. பெயரே அறியப்படாத ஒருவரை அறிவுடையோர் அவையில் கைப்பிடித்து ஏற்றிய செயல் அது. ஆயினும் அதில் ஒன்று குறைவு. எந்தக் கதை கதையாக நிற்கிறது, எது கதையாகாமல் நின்றுவிடுகிறது என்னும் ஆய்வுக்குள் அவர் புகவில்லை. உடன் கற்றவரின் பாயிரம் நூலுக்கு வாயில் திறக்கும். உள்ளே சென்று அறைகளை எண்ணிக் காட்டுவது அதன் வேலையன்று.

இரண்டு கதைகள்

அத்தொகுதியின் வலிமையை அறிய இரண்டு கதைகள் போதும். ‘வேக்ஃபீல்ட்’ என்னும் கதையில், இலண்டனில் வாழும் ஒருவன் சில நாள் பயணம் என்று மனைவியிடம் சொல்லிப் புறப்பட்டு, அடுத்த தெருவிலேயே அறை எடுத்துத் தங்குகிறான். இருபது ஆண்டுகள் அங்கிருந்தே தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து, ஒரு மாலைப் பொழுதில் ஏதும் நிகழாதவன் போலத் திரும்பி வருகிறான். இச்செய்தி முழுவதையும் ஆசிரியர் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். முடிவு தெரிந்த பின்னும் வாசகர் நூலைக் கீழே வைப்பதில்லை. ‘அடுத்து என்ன?’ என்ற வினாவை எடுத்துவிட்டு, ‘ஏன்?’ என்ற வினாவை அந்த இடத்தில் வைத்துவிட்டார். சிறுகதை என்பது நிகழ்ச்சிச் சுருக்கம் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது.

‘குருவின் கருந்திரை’ எனத் தக்க மற்றொரு கதையில், ஹூப்பர் என்னும் சமயகுரு ஒரு ஞாயிறன்று முகத்தைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறார். மணம் பேசிய மங்கை வேண்டியும் அதனை விலக்க மறுக்கிறார், சாகும்போதும் விலக்கவில்லை. சுற்றிலும் நிற்கும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு கருந்திரையைக் காண்பதாகக் கூறி இறக்கிறார். காரணத்தை ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. அச்சொல்லாமையே கதையின் உயிர்.

உரைகாரர்

1842இல் இந்நூலின் இரண்டாம் பதிப்பு இரு பகுதிகளாக வந்தது. முதற்பகுதி பெரும்பாலும் 1837ஆம் ஆண்டுத் தொகுதியே. அப்போது பிலடெல்பியாவில் ‘கிரகாம்’ இதழின் ஆசிரியராய் இருந்தவர் எட்கார் ஆலன் போ. அவரும் சிறுகதை எழுதுபவர். 1827இல் பெயரின்றி ஒரு சிறு கவிதை நூலை வெளியிட்டு எவராலும் கவனிக்கப்படாத துன்பத்தை அவரும் அறிந்தவர். ஏப்ரல், மே மாதங்களில் அவர் எழுதிய மதிப்புரைகளே ஹாதார்னுக்குக் கிடைத்த உண்மையான உரை எனலாம்.

போ முதலில் குறையைச் சொன்னார். கதைகள் என்ற பெயரில் உள்ளவற்றுள் பல கட்டுரைகளே என்றார். ‘ஞாயிறன்று இல்லத்தில்’ போன்ற பகுதிகளைப் படிப்போர் அக்கூற்றை மறுக்க இயலாது. பின்னர் நிறையைச் சொன்னார். புதிதாய்ப் புனையும் ஆற்றலும் கற்பனையும் இவரிடம் உள்ளன என்று ஐயமின்றி உரைத்தார். ‘கருந்திரை’யில், இறக்கும் குரு சொல்லும் அறவுரையே கதையின் பொருள் என்று பலர் கொள்வர், அதன் அடியில் வேறொரு கொடிய குற்றத்தின் குறிப்பு உள்ளது என்று நுட்பமாக எடுத்துக் காட்டினார்.

அந்நூலைக் கொண்டு அவர் ஓர் இலக்கணமே வகுத்தார். சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கத் தக்கதாய் இருக்கவேண்டும். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை அதன் அளவு. ஒரே உணர்ச்சிப் பயனை முன்னரே உறுதி செய்துகொண்டு, முதல் வாக்கியம் முதற்கொண்டு ஒவ்வொரு சொல்லும் அதனை நோக்கி நடக்கவேண்டும். இன்று சிறுகதை பற்றிப் பேசும் எம்மொழியினரும் அறிந்தோ அறியாமலோ எடுத்தாளும் இக்கருத்து, ஒரு மதிப்புரையில் பிறந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

உரைகாரரும் தவறினார். இரண்டாம் பகுதியில் உள்ள ஒரு கதை, தம்முடைய ‘வில்லியம் வில்சன்’ கதையைத் தழுவியது என்று ஐயம் கிளப்பினார். ஹாதார்ன் கதை அச்சேறியது 1838இல். போவின் கதையோ 1839இல்தான் வெளிவந்தது. சக எழுத்தாளர் திறனாய்வாளராகும்போது தொழில் நுட்பம் தெரியும். தொழிற் போட்டியும் உடன் வரும். அதனைத் தம்முள்ளே கண்டு விலக்குவது அவர் கடமை.

எது உதவி?

ஹாதார்ன் இவற்றை எவ்வாறு ஏற்றார்? 1846இல் போவுக்கு எழுதிய கடிதத்தில், சர்க்கரை தடவிய பொய்யைவிடக் கடுமையான உண்மையையே விரும்பி ஏற்பதாகக் கூறினார். அத்துடன், போவைத் திறனாய்வாளராகக் காட்டிலும் கதாசிரியராகவே தாம் மதிப்பதாகவும் சொல்லத் தவறவில்லை. 1851இல் இத்தொகுதிக்கு எழுதிய முன்னுரையிலோ, இக்கதைகள் நிழலில் மலர்ந்த பூக்களைப் போல வெளிறியவை என்று தம் நூலின் குறையைத் தாமே கூறினார். கூச்சத்தால் நூலை எரித்த இளைஞர், குறையை அவையில் ஒப்புக்கொள்ளும் ஆசிரியராக வளர்ந்திருந்தார்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முதற் சிறுகதைத் தொகுதியைக் கைப்பொருள் செலவிட்டு வெளியிடும் தமிழ் எழுத்தாளர் பலர். படி வாங்கி உதவும் பிரிட்ஜ்களும், வெளியீட்டு மேடையில் வாழ்த்தும் லாங்பெல்லோக்களும் அவர்களுக்கு வாய்க்கின்றனர். அவ்விரு உதவியும் தேவையே. அவையின்றி நூல் பிறவாது. ஆனால், மேடை கலைந்த மறுநாள் பதினெட்டுக் கதைகளையும் படித்து, இது கதை, இது கட்டுரை, இங்கே உயிர் இருக்கிறது என்று எழுதித் தருபவர் வேண்டும். குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகுதியைக் கொள்ளச் சொன்னார் வள்ளுவர். உடன் கற்றவரோடு உரைகாரரையும் பவணந்தியார் ஒரே வரிசையில் வைத்தார். ஒருவர் இருக்க மற்றவர் வேண்டா என்று அவர் கூறவில்லை.