பஹ்ரைனுக்கு வந்த போதகர்

மனாமாவின் அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டருக்காகக் காத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஸ்வேமர் யாரென்று தெரியாது. 1952இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாறோ அவரை இஸ்லாமியரிடம் அனுப்பப்பட்ட அப்போஸ்தலர் என்கிறது. அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

1867இல் மிச்சிகனில், 15 பிள்ளைகளில் 13ஆவதாகப் பிறந்தவர். தந்தை ஏட்ரியன், காடு திருத்திக் குடியேறிய டச்சுக்காரர்களின் போதகர். அந்த மக்கள் விசுவாசத்தைக் கையோடு கொண்டுவந்தவர்கள். பிரசங்கம் கேட்க ஞாயிறுதோறும் ஆள் இருந்தது. மகன் தேர்ந்த அரேபியாவில் அவரை யாரும் கேட்கவில்லை. 1889இல் ஜேம்ஸ் கேன்டைனோடு அரேபிய மிஷனைத் தொடங்கினார். நம் வேலூர்ப் பக்கத்து ஆற்காடு மிஷனை நடத்திய அதே சபைதான் பின்னர் இதையும் ஏற்றது. அவர் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விதைத்தார், அறுவடை பிறகு வரும் என்பார்கள் ஆதரவாளர்கள். சோதித்துப் பார்க்க வழியில்லாத வாதம் அது. ஆஸ்பத்திரியும் பள்ளியும் அவர் போட்ட வித்துதானே என்பது கொஞ்சம் கனமான வாதம். ஆனால் இன்றைய அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியின் தொடக்கமாக 1903இல் திறந்த மேசன் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தவர்கள் ஷேரன் தாம்ஸ், மேரியன் தாம்ஸ் என்ற டாக்டர் தம்பதி. இன்றைய அல் ராஜா பள்ளிக்கு 1899இல் அடியெடுத்துக் கொடுத்தவர் ஸ்வேமரின் மனைவி ஏமி. ஸ்வேமருக்கு மருத்துவம் பிரசங்கத்துக்கான வாசல். ஊர் மருந்தை வாங்கிக்கொண்டு பிரசங்கத்தை விட்டுவிட்டது.

கொடுத்த விலை சின்னதல்ல. அடிமைக் கப்பலிலிருந்து மீட்ட 18 சிறுவர்களை மஸ்கட்டில் வளர்த்த தம்பி பீட்டர், 1898இல் 30 வயதில் இறந்தார். 1904 ஜூலையில் ஸ்வேமரின் காத்தரினா, ரூத் என்ற இரண்டு பெண் குழந்தைகளும் எட்டு நாள் இடைவெளியில் பஹ்ரைனில் இறந்துபோனார்கள். ஏமிக்கும் அது பெற்ற வயிறுதான். வரலாறு எழுதுவோர் இதைத் தகப்பனின் தியாகக் கணக்கில் எழுதிவிடுவது எனக்கு உறுத்துகிறது. மறு வருஷம் மேரியன் தாம்ஸும் காய்ச்சலில் மாண்டார். அவர் மகன் வெல்ஸ் டாக்டராகி 1939இல் ஓமானுக்கு வந்து 1970 வரை வைத்தியம் பார்த்தார்.

எழுத்தாளர் ஸ்வேமரை அப்படித் தள்ளிவிட முடியாது. 1907இல் எழுதிய இஸ்லாம் நூலில் சண்டைக்கு நிற்கும் குரல். 1920இல் இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலியைப் பற்றி எழுதும்போது மரியாதை ஏறியிருக்கிறது. 1912இலேயே கெய்ரோவுக்குப் போய்விட்டவருக்கு, எதிராளியைப் படிக்கப் படிக்கக் கை தணிந்திருக்கிறது. இதற்காகவே அவரைப் படிக்கலாம்.

அவர் வராவிட்டால் தாம்ஸ் தம்பதி வந்திருப்பார்களா? சந்தேகம்தான்; அந்த அளவுக்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் 1960இல் அல் ஐனுக்கு வந்த டாக்டர்கள் கென்னடி தம்பதியைப் பாருங்கள். அவர்களும் அமெரிக்க மிஷனரிகளே. ஷேக் சாயித் இடம் கொடுத்து வரவேற்றது, பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்கள் என்பதற்காக.