பிரெஞ்சு: மதிப்பெண்ணுக்கா, மொழிக்கா?

தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரைதான் தமிழைக் கட்டாயமாக்குகிறது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது மாணவர்கள் மொழிப்பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். தனியார் பள்ளிகள் பலவற்றில் அப்போது பெற்றோர் கேட்கும் அறிவுரை இதுதான்: "பிரெஞ்சு எடுக்கச் சொல்லுங்க, நல்லா ஸ்கோர் பண்ணலாம்." நல்ல மொழியொன்றைத் தவறான காரணத்துக்காகப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம்.

பிரெஞ்சு கற்கச் சரியான காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பணிமொழிகள் இரண்டே. ஆங்கிலத்துக்கு அடுத்தது பிரெஞ்சு. கனடாவின் குடியேற்றப் புள்ளிக் கணக்கில் பிரெஞ்சுத் திறனுக்குத் தனி மதிப்பு உண்டு. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது பிரான்ஸ் அறிவித்துள்ள இலக்கு.

தமிழருக்கு இதைவிட நெருக்கமான காரணங்களும் இருக்கின்றன. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்காலின் பழைய ஆவணங்களைப் படிக்கப் பிரெஞ்சு வேண்டும். பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் கடை நடத்தும் ஈழத்தமிழரின் பிள்ளைகளுக்கு அது பள்ளி மொழி. பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் 'அந்நியன்' நாவல் ஆங்கிலத்தின் இடையீடின்றி நமக்குக் கிடைத்தது வெ. ஸ்ரீராமின் பிரெஞ்சுப் புலமையால். பரிபாடல் பிரெஞ்சுக்குப் போனது பிரான்சுவா குரோவின் தமிழ்ப் புலமையால். இரு மொழியும் அறிந்தவர்களால்தான் இப்படிப்பட்ட வேலை நடக்கிறது.

மதிப்பெண் வாதத்தையும் நியாயமாகவே எடைபோட வேண்டும். மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சு தொடக்க நிலையிலிருந்து கற்பிக்கப்படுகிறது. எளிய உரைப்பகுதிகளும் விடை உறுதியான இலக்கண வினாக்களும் அதில் அதிகம். செய்யுள், இலக்கணம், நெடுவினா என்று விரியும் தமிழ்த்தாளைவிட அது இலகுவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த மதிப்பெண் எதற்கு உதவுகிறது? பொறியியல் தரவரிசைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே கணக்கு. மருத்துவத்துக்கு நீட். இரண்டிலும் மொழிப்பாட மதிப்பெண்ணுக்கு இடமில்லை. மொத்த மதிப்பெண் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான்.

பெரிய குறை தேர்வு முறையில் இருக்கிறது. பிரெஞ்சில் 'நான் பேசுகிறேன்', 'நீ பேசுகிறாய்', 'அவர்கள் பேசுகிறார்கள்' ஆகிய மூன்றிலும் வினைச்சொல்லின் எழுத்துகள் வேறு. ஒலி மட்டும் 'பார்ல்' என்று ஒன்றே. எழுத்துத் தேர்வுக்காகப் படிப்பவர் வினை அட்டவணையை மனப்பாடம் செய்து மூன்றையும் பிழையின்றி எழுதிவிடுவார். யாராவது பேசினால் அவருக்குப் புரியாது. பிரெஞ்சு அரசின் டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். எதிலும் 5க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. பாதி மதிப்பெண் காதுக்கும் வாய்க்கும் உரியது. பொதுத் தேர்வுக்கான தயாரிப்பில் அந்தப் பாதிதான் விடுபடுகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. பதினைந்து, பதினாறு வயதில்தான் சங்கப் பாடலும் நவீனச் சிறுகதையும் மனத்தில் ஆழமாக இறங்கும். அந்த வயதில் தமிழ் கைவிடப்படுகிறது. வேற்று மாநிலத்திலிருந்து வந்து சேரும் மாணவருக்கு இந்தத் தெரிவு தேவையான வசதி. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இது தேவையற்ற விலை.

பிரெஞ்சு படிக்கட்டும், தமிழோடு சேர்த்துப் படிக்கட்டும். பள்ளிகள் அதை ஆறாம் வகுப்பிலிருந்தே விருப்ப மொழியாகத் தொடங்கி, வாய்மொழித் தேர்வுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: படிவத்தை நிரப்பும் முன், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகும் பிரெஞ்சைத் தொடர விருப்பமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். விருப்பமில்லை என்றால், தமிழே இருக்கட்டும்.