உடைமையாளருக்கும் பெயரடை

செக் மொழியில் ஒருவருக்கு உரியதைச் சொல்ல, அவர் பெயரே பெயரடையாகிவிடும். உடையவர் ஆண் என்றால் ஊவ், ஓவா, ஓவோ; பெண் என்றால் இன், இனா, இனோ. இவற்றுள் எது வரும் என்பதை உடைமைப்பொருளின் பால் முடிவு செய்கிறது. கார்ல் என்ற ஒரே பெயர் பிராகாவின் பாலத்தில் 'கார்லூவ் மோஸ்ட்', 1348இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தில் 'கார்லோவா', வெந்நீரூற்று நகரில் பன்மையாய்க் 'கார்லோவி வாரி'. பெண்பால் விகுதி முன்னுள்ள மெய்யையும் திரிக்கும்: மட்கா (தாய்), மட்சின் (தாயின்).

வேற்றுமைகளில்தான் இதன் அழகு. ஒருமையில் பெரும்பாலும் பெயர்ச்சொல்லின் குறுவிகுதிகளே வரும்: பாலத்தின் 'கார்லோவா மோஸ்டு', பாலத்தில் 'கார்லோவ்யே மோஸ்த்யே'. கருவி வேற்றுமையில் மட்டும் பெயரடையின் நெடுவிகுதி: 'கார்லோவீம் மோஸ்டெம்'. பன்மையில் எழுவாயும் செயப்படுபொருளும் தவிர மற்றவை நெடிலே. இரு குடும்பச் சாயலும் கொண்ட இந்தக் கலப்பு, பழைய ஸ்லாவியக் குறுவடிவத்தின் அருமையான எச்சம்.

உடையவர் ஒருவராக, ஒரே சொல்லாக இருக்க வேண்டும். 1969இல் தீக்குளித்த மாணவர் யான் பாலாஹின் முழுப்பெயர் தாங்கிய பிராகா சதுக்கம், அதனால் ஆறாம் வேற்றுமையில் 'நாமியெஸ்தீ யானா பாலாஹா' எனப்படுகிறது.